கட்டற்ற இயங்குதளமும் புதியவருக்கான கையேடும்

கணிப்பொறியைப் பயன்படுத்தும் எவரும் முதலில் சந்திப்பது அதன் இயங்குதளத்தையே. விசைப்பலகையில் தட்டுவதை எழுத்தாக ஏற்பதும், கோப்பை வன்வட்டில் சேமிப்பதும், அச்சுப்பொறிக்கு ஆணை அனுப்புவதும், ஒரே சமயத்தில் இயங்கும் பல செயலிகளுக்கு நினைவகத்தைப் பங்கிட்டு அளிப்பதும் இந்த அடிப்படை மென்பொருளின் பணிகளாகும். நமது நாட்டின் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் உள்ள கணிப்பொறிகளுள் பெரும்பாலானவை தனியார் நிறுவனத்தின் உரிமம் பெற்ற இயங்குதளத்தைக் கொண்டே பல்லாண்டுகளாக இயங்கி வந்துள்ளன. அவற்றுள் பரவலாக வழங்கிய விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அடுத்த பதிப்பு கேட்கும் வன்பொருள் தகுதி பழைய கணிப்பொறிகள் பலவற்றுக்கு இல்லை. நல்ல நிலையில் இயங்கும் பொறியை ஒதுக்கிவிடுவதா, அல்லது அதில் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை நிறுவித் தொடர்ந்து பயன்படுத்துவதா என்னும் வினா எனவே பல அலுவலகங்களின் முன் எழுந்துள்ளது.

இரண்டாவது வழி சிக்கனமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வழியைத் தேர்ந்தெடுத்த அலுவலகங்கள் சில, ஓராண்டுக்குள் பழைய முறைக்கே திரும்பிவிடுவதையும் காண்கிறோம். இதற்குக் காரணம் மென்பொருளின் குறைபாடு என்று பொதுவாகக் கூறப்படுகிறது. உண்மையில், பல இடங்களில் குறை இருப்பது மென்பொருளில் அன்று. அதனைப் புதிதாகக் கையாள வந்தவருக்கு வழிகாட்டும் எழுத்தில்தான். அந்த எழுத்து எவ்வாறு அமைய வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டற்றது என்பதன் பொருள்

கட்டற்ற மென்பொருள் என்பதற்கு விலையில்லா மென்பொருள் என்று மட்டும் பொருள் கொள்வது போதாது. எந்த நோக்கத்துக்கும் இயக்கும் உரிமை, மூலநிரலைப் பயின்று மாற்றும் உரிமை, படிகளைப் பிறருக்கு வழங்கும் உரிமை, மாற்றியமைத்த படிகளையும் வழங்கும் உரிமை ஆகிய நான்கும் பயனாளருக்கு இருக்க வேண்டும். இக்கொள்கையின் அடிப்படையில் 1983-ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து உருவான இயங்குதளத் தொகுப்புகளுள் 1993-இல் தொடங்கிய டெபியனும், 2004-இல் முதற்பதிப்பு கண்ட உபுண்டுவும் நன்கு அறியப்பட்டவை.

நமது நாட்டிலும் இத்துறையில் குறிப்பிடத்தக்க முயற்சிகள் நடைபெற்றுள்ளன. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005-இல் சென்னையில், சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் இணைந்து நடத்தும் அமைப்பாகத் தொடங்கப்பட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளுக்கு ஏற்ப அமைக்கப்பட்ட ‘பாஸ்’ இயங்குதளம் 2007-இல் வெளிவந்தது. 2015-ஆம் ஆண்டு மத்திய அரசு, அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும் என்னும் கொள்கையை அறிவித்தது. ஆக, மென்பொருளும் உள்ளது, கொள்கையும் உள்ளது. இவற்றை மேசைமுன் அமர்ந்திருக்கும் பணியாளரோடு இணைப்பது கையேடு.

விலையும் செலவும்

பொருளாதார மாணவர்கள் விலைக்கும் செலவுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவர். கட்டற்ற இயங்குதளத்தின் உரிமக் கட்டணம் சுழியமாக இருக்கலாம். ஆனால், அதனைக் கற்கச் செலவாகும் நேரம் சுழியம் அன்று. இச்செலவு எந்த வரவு-செலவுத் திட்டத்திலும் தனித் தலைப்பாக இடம்பெறுவதில்லை. பணியாளரின் அன்றாட நேரத்திலிருந்து சிறிது சிறிதாகக் கழிகிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 10,000 பணியாளர் கொண்ட துறை ஒன்று புதிய இயங்குதளத்துக்கு மாறுகிறது. முதல் மாதத்தில் ஒவ்வொருவரும் வழி தெரியாமல் தடுமாறுவதில் 6 மணி நேரம் இழக்கிறார் எனக் கொள்க. மொத்த இழப்பு 60,000 மணி நேரம். நாளொன்றுக்கு 8 மணி என்றால் 7,500 வேலை நாட்கள். இனி, மூன்று பேர் 60 நாட்கள் உழைத்து ஒரு கையேட்டை எழுதி, மேலும் 20 ஆள்நாட்கள் செலவிட்டு அதனைச் சோதிக்கின்றனர் என்றால் ஆகும் செலவு 200 ஆள்நாட்கள். அக்கையேடு இழப்பில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே தவிர்த்தாலும் 2,500 நாட்கள் மிஞ்சும். இவ்வெண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவையே. எனினும், ஒருமுறை செய்யும் செலவு எத்தனை மடங்கு பயன் தரக்கூடும் என்பதை அவை உணர்த்தும்.

இத்துணைப் பயனுள்ள பொருள் ஏன் போதிய அளவில் உற்பத்தியாவதில்லை? கையேடு ஒரு பொதுப் பண்டம். ஒருவர் படிப்பதால் மற்றவருக்கு அது குறைவதில்லை. படிப்பவரைக் கட்டணம் கேட்டுத் தடுப்பதும் கட்டற்ற முறையில் இயலாது. எழுதுபவருக்கு நேரடி வருவாய் இல்லை. மேலும், இம்மென்பொருளை உருவாக்கும் நிரலாளர்களுள் பலர் தமக்குத் தேவையானதைத் தாமே செய்துகொள்ளும் ஆர்வத்தால் இப்பணிக்கு வந்தவர்கள். தமக்குத் தேவைப்படாத தொடக்கநிலை விளக்கத்தை எழுத அவர்களுக்குத் தூண்டுதல் குறைவு. எழுத முனைந்தாலும், தாம் என்றோ கற்று மறந்துவிட்ட படிகளை நினைவுகூர்வது அவர்களுக்கு அரிது. பொதுப் பண்டங்களின் பற்றாக்குறையைச் சமூகமும் அரசும் ஈடுசெய்ய வேண்டும் என்னும் பொருளாதார விதி இங்கும் பொருந்தும்.

கையேட்டின் மரபும் வகைகளும்

இயங்குதளங்களுக்குக் கையேடு எழுதும் மரபு புதியதன்று. யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதற் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. கட்டளைகளுக்கு ஒரு பிரிவு, கணிப்பொறியின் உள்அழைப்புகளுக்கு ஒரு பிரிவு, கோப்பு வடிவங்களுக்கு ஒரு பிரிவு என வகுக்கப்பட்ட அந்த அமைப்பு, ‘மேன்’ பக்கங்கள் என்னும் பெயரில் இன்றும் லினக்ஸில் தொடர்கிறது. சுருக்கமும் துல்லியமும் அதன் சிறப்புகள். ஆனால், அது அகராதி போன்றது. சொல்லை அறிந்தவருக்கே அகராதி பயன்படும். எந்தச் சொல்லைத் தேடுவது என்று அறியாதவருக்கு அது மூடிய நூலே. கட்டளையின் பெயரை அறியாத புதியவரின் நிலையும் இதுவே.

இக்குறையை நீக்கும் முயற்சியாக 1992-இல் லினக்ஸ் ஆவணத் திட்டம் தொடங்கியது. ஒரு குறிப்பிட்ட பணியை எவ்வாறு செய்வது என்று விளக்கும் ஆவணங்களைத் தன்னார்வலர்கள் அதன் வழியே எழுதி வழங்கினர். கையேடுகளும் மென்பொருளைப் போலவே கட்டற்றவையாக இருத்தல் வேண்டும் என்னும் கருத்தும் வலுப்பெற்று, 2000-ஆம் ஆண்டில் குனூ கட்டற்ற ஆவண உரிமம் வெளியிடப்பட்டது. மென்பொருளை மாற்ற உரிமை பெற்றவர், மாற்றத்துக்கு ஏற்பக் கையேட்டையும் மாற்ற முடியாவிடில் அந்த உரிமையின் பயன் குறைந்துவிடும் அன்றோ? பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட டெபியன் நிருவாகி கையேடு, மக்கள் அளித்த நிதியின் துணையால் 2012-இல் ஆங்கிலத்தில் கட்டற்ற நூலாக வெளிவந்து, பின்னர்த் தன்னார்வலர்களால் வேறு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது கட்டற்ற உரிமத்தின் பயனுக்குச் சான்றாகும்.

ஆவணங்களை நான்கு வகையாகப் பிரிக்கும் முறை ஒன்றை டானியேலே புரோசிடா வகுத்துள்ளார். முதலாவது பாடம்: கற்பவரின் கையைப் பிடித்து ஒரு சிறு பணியை முடிக்க வைப்பது. இரண்டாவது வழிகாட்டி: குறிப்பிட்ட தேவையோடு வந்தவருக்குப் படிகளைக் கூறுவது. மூன்றாவது உசாத்துணை: விவரங்களை ஒழுங்காகத் தொகுத்து அளிப்பது. நான்காவது விளக்கம்: ஏன் இவ்வாறு உள்ளது என்பதைத் தெளிவாக்குவது. புதியவருக்கு முதலில் வேண்டுவது பாடமும் வழிகாட்டியும் ஆகும். நம் அலுவலகங்களில் வழங்கும் கையேடுகள் பெரும்பாலும் நான்கையும் ஒரே அத்தியாயத்தில் கலந்துவிடுகின்றன. அச்சிடும் வழியைத் தேடி வந்தவர், அச்சு அமைப்பின் வரலாற்றை மூன்று பக்கம் கடந்தே பொத்தானை அடைய வேண்டியுள்ளது.

ஓர் அனுபவம்

இவ்விடத்தில் என் பிழை ஒன்றைக் கூறுவது மாணவருக்குப் பயன்படலாம். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில் 30 கணிப்பொறிகளைக் கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற்ற முடிவு செய்யப்பட்டது. கையேடு எழுதும் பொறுப்பை நான் விரும்பி ஏற்றேன். 46 பக்கங்களில் அதனை எழுதி முடித்தபோது எனக்கு மிகுந்த மனநிறைவு ஏற்பட்டது. வன்வட்டை முழுவதுமாக அழித்து நிறுவும் தெரிவை அழுத்துமாறு 14-ஆம் படியில் எழுதியிருந்தேன். தேவையான கோப்புகளை முன்கூட்டியே வேறிடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும் என்பதையும் எழுதியிருந்தேன். ஆனால், அக்குறிப்பு அடுத்த பக்கத்தின் தலைப்பில் இருந்தது.

ஓய்வு பெற இரண்டாண்டுகளே இருந்த மூத்த எழுத்தர் ஒருவர், கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு, வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு படியையும் முடித்த பின்னரே அடுத்ததைப் படித்தார். அவ்வாறு செய்யுமாறு முன்னுரையில் அறிவுறுத்தியவனும் நானே. அவர் பக்கத்தைத் திருப்பியபோது வன்வட்டு அழிந்துவிட்டிருந்தது. மூன்றாண்டுகளின் கடிதப் பதிவும், 11 ஓய்வூதிய இனங்களின் கணக்குத் தாள்களும் மறைந்தன. தாள் கோப்புகளிலிருந்து அவற்றை மீண்டும் உருவாக்க ஐந்து வாரங்கள் பிடித்தன. அந்த 11 இனங்களுள் ஒன்று குடும்ப ஓய்வூதியம். கணவரை இழந்த ஒரு பெண்மணிக்குச் சேர வேண்டிய தொகை அதனால் தாமதமாயிற்று.

“சார், கையேட்டில் எழுதியிருந்தபடிதான் செய்தேன்” என்று அவர் கூறினார். அவர் கூற்றில் பிழை ஏதும் இல்லை. அவரிடம் விளக்கம் கேட்கும் குறிப்பாணை தயாராயிற்று. தவறு எழுதியவனுடையது என்று கோப்பில் குறித்து, அதனை நான் திருப்பி அனுப்பினேன். எச்சரிக்கை, செயலுக்கு முன் வர வேண்டும் என்னும் எளிய விதியை நான் கற்றது அன்றுதான். அதற்கான விலையை வேறொருவர் செலுத்தினார்.

எழுதும் முறை

புதியவருக்கான கையேட்டை எழுத முற்படுவோர் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ளல் நலம்.

முதலாவதாக, வாசகர் யார் என்பதை வரையறுத்துக்கொள்ள வேண்டும். புதியவர் என்பவர் அறிவு குறைந்தவர் அல்லர். பதிவேட்டைப் பராமரிப்பதில் 30 ஆண்டு அனுபவம் உள்ள எழுத்தரும், வேதியியலில் தேர்ந்த ஆசிரியரும், முதன்முறையாகச் சொந்தக் கணிப்பொறி பெற்ற கல்லூரி மாணவரும் இவ்வகையில் அடங்குவர். அவர்கள் எதை அறிவர், எதை அறியார் என்பதை ஒரு தாளில் எழுதி முன்னே வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குவது நல்ல பழக்கம்.

இரண்டாவதாக, தலைப்புகள் வாசகரின் பணியைக் குறிக்க வேண்டும். ‘கோப்பு முறைமை மேலாண்மை’ என்பது மென்பொருளின் நோக்கில் அமைந்த தலைப்பு. ‘பென் டிரைவிலிருந்து கடிதத்தைக் கணிப்பொறிக்கு மாற்றுதல்’ என்பது பயனாளரின் நோக்கில் அமைந்தது. பொருளடக்கத்தைப் பார்த்த அளவிலேயே தமக்கு வேண்டியதை அவர் கண்டுகொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, ஒரு படியில் ஒரு செயல் மட்டுமே இருத்தல் வேண்டும். அச்செயலின் முடிவில் திரையில் என்ன தோன்றும் என்பதையும் கூற வேண்டும். தாம் சரியான பாதையில் செல்கிறோமா என்பதை வாசகர் அறிய இதுவன்றி வேறு வழியில்லை.

நான்காவதாக, இயல்பாக நிகழ்வதாயினும் புதியவரை அச்சுறுத்தக் கூடியவற்றை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கட்டளை வரியில் கடவுச்சொல்லைத் தட்டும்போது, பல லினக்ஸ் தொகுப்புகளில் திரையில் எந்த அடையாளமும் தோன்றாது. புள்ளியோ உடுக்குறியோ கூட வாராது. பிறர் கடவுச்சொல்லின் நீளத்தைக் கூட அறியலாகாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. இதை அறியாத பணியாளர், விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று எண்ணி எழுந்து சென்றுவிடுகிறார். ‘தட்டும்போது எழுத்து தெரியாது, தட்டி முடித்து என்டர் விசையை அழுத்துக’ என்னும் ஒரு வரி அவரை அங்கேயே நிறுத்தும். இவ்வாறே, ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸின் கோப்புப் பெயர்களில் வெவ்வேறாகக் கொள்ளப்படும் என்பதையும் முதலிலேயே கூற வேண்டும்.

ஐந்தாவதாக, தவறு நேர்ந்தால் மீளும் வழியைக் காட்ட வேண்டும். எல்லாம் சரியாக நடக்கும் என்று கொண்டு எழுதப்பட்ட கையேடு, முதல் தடங்கலிலேயே வாசகரைக் கைவிட்டுவிடுகிறது.

ஆறாவதாக, ‘வெறுமனே இதைச் செய்க’, ‘மிக எளிது’ போன்ற தொடர்களைத் தவிர்க்க வேண்டும். எளிது என்று கூறப்பட்ட ஒன்று தமக்கு அரிதாக இருப்பின், வாசகர் தம்மையே குறைகூறிக்கொண்டு விலகிவிடுவார்.

ஓர் எடுத்துக்காட்டு

மேற்கூறிய விதிகளை ஒரு சிறு பணியில் பொருத்திப் பார்ப்போம். ‘பணி முடிந்ததும் சாதனத்தை அன்மவுண்ட் செய்துவிட்டு அகற்றவும்’ என்று ஒரு கையேடு கூறுகிறது. அறிந்தவருக்கு இது போதும். புதியவருக்கு இவ்வாறு எழுதலாம்:

பென் டிரைவைக் கழற்றும் முறை. எச்சரிக்கை: கோப்பைச் சேமித்தவுடன் பென் டிரைவைக் கழற்ற வேண்டாம். கணிப்பொறி அதனை இன்னும் எழுதி முடிக்காமல் இருக்கலாம். அவ்வாறாயின் கோப்பு கெட்டுவிடும்.

1. ‘கோப்புகள்’ சாளரத்தைத் திறக்கவும். இடப்பக்கப் பட்டியலில் பென் டிரைவின் பெயர் தெரியும்.

2. அப்பெயரின் அருகில், ஒரு கோட்டின்மேல் முக்கோணம் அமைந்த சிறு குறி இருக்கும். அதன்மேல் ஒருமுறை சொடுக்கவும்.

3. பட்டியலிலிருந்து பெயர் மறையும் வரை காத்திருக்கவும். மறைந்தபின் கழற்றலாம்.

4. பெயர் மறையாமல், சாதனம் பயன்பாட்டில் உள்ளது என்னும் செய்தி வந்தால், அதிலுள்ள கோப்பு ஏதேனும் திறந்திருக்கிறதா என்று பார்த்து மூடிவிட்டு, 2-ஆம் படியை மீண்டும் செய்யவும்.

இரண்டாவது வடிவம் பன்மடங்கு நீண்டது என்பது உண்மை. ஆனால், காரணம், செயல், விளைவு, மீளும் வழி ஆகிய நான்கும் அதில் உள்ளன. சுருக்கத்தைப் பக்க எண்ணிக்கையால் அளப்பதைவிட, வாசகர் பணியை முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தால் அளப்பதே பொருத்தமானது.

மொழியும் கலைச்சொல்லும்

அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் இடம்பெற்றுள்ள நாட்டில், கையேடு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் போதாது என்பதை விளக்க வேண்டுவதில்லை. ஆனால், மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல் உண்டு. கையேட்டில் ‘விருப்பத்தேர்வுகள்’ என்றும், திரையில் ஆங்கிலத்தில் ‘செட்டிங்ஸ்’ என்றும் இருந்தால் வாசகர் குழம்புவார். திரை எம்மொழியில் உள்ளதோ, அச்சொல்லையே கையேட்டிலும் அவ்வாறே காட்டி, விளக்கத்தைத் தாய்மொழியில் தருவது நடைமுறைக்கு ஏற்றது. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்னும் நெறியையும் நூல் முழுவதும் காத்தல் வேண்டும். ‘கோப்புறை’ என்று ஓரிடத்திலும் ‘அடைவு’ என்று மற்றோரிடத்திலும் எழுதினால், அவை இரண்டு பொருள்கள் என்றே புதியவர் எண்ணுவார்.

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேச்சுவழிப் பாடத் திட்டம் இவ்வகையில் ஆய்ந்து பயிலத்தக்கது. பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில், மத்திய அரசின் கல்வித் தகவல் தொழில்நுட்ப இயக்கத்தின் நிதியுதவியுடன் அது வளர்ந்தது. லினக்ஸ் உள்ளிட்ட கட்டற்ற மென்பொருள்களைச் சுமார் பத்து நிமிட ஒலி-ஒளிப் பாடங்களாக அது கற்பிக்கிறது. திரையில் தோன்றும் மென்பொருள் ஆங்கிலத்திலேயே இருக்க, விளக்கும் குரல் மட்டும் பல இந்திய மொழிகளில் ஒலிக்கிறது. கற்பவர் திரையின் ஒரு பாதியில் பாடத்தையும் மறு பாதியில் மென்பொருளையும் வைத்துக்கொண்டு, பார்த்ததை உடனுக்குடன் செய்து பழக வேண்டும் என்பது அதன் முறை. ஆசிரியரின் துணை இன்றித் தானே பயில்பவருக்காக எழுதப்படுவதால், ஒவ்வொரு செயலும் சொல்லில் இடம்பெற வேண்டிய கட்டாயம் எழுத்துப்படி தயாரிப்பவருக்கு ஏற்படுகிறது.

கேரளத்தின் அனுபவமும் நினைவிற்கொள்ளத்தக்கது. அங்கு 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017-இல் ‘கைட்’ என்னும் நிறுவனமாக உருப்பெற்றது. ஆசிரியருக்குப் பெருமளவில் பயிற்சி அளிக்கப்பட்டதும், பாடநூலில் உள்ள பயிற்சிகள் பள்ளிக் கணிப்பொறிகளில் நிறுவப்பட்ட அதே மென்பொருளைச் சார்ந்திருந்ததும் அதன் வலிமைகள். நூலும் திரையும் ஒத்திருந்தமையால் மாணவர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தயக்கமின்றிச் செல்ல முடிந்தது.

சோதனையும் புதுப்பித்தலும்

எழுதி முடித்த கையேடு ஒரு வரைவு மட்டுமே. புதியவர் ஒருவர் அதனைக் கொண்டு பணியை முடிக்கும்போதே அது கையேடாகிறது. மேற்கூறிய பேச்சுவழிப் பாடத் திட்டத்தில், எழுத்துப்படியை ஒளிப்பதிவு செய்வதற்கு முன் அம்மென்பொருளை அறியாத ஒருவர் படித்துச் சோதிக்கும் கட்டம் ஒன்று உண்டு. இச்சோதனைக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு கணிப்பொறி, ஒரு வரைவு, ஒரு புதியவர், ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். எழுதியவர் அருகில் அமர்ந்து, வாய் திறவாமல் பார்க்க வேண்டும். வாசகர் தயங்கும் இடம், பின்னோக்கிப் பக்கம் திருப்பும் இடம், தவறாகச் சொடுக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். விளக்கம் கூற நா துடிக்கும் ஒவ்வோர் இடமும் கையேட்டில் ஒரு வரி குறைந்துள்ள இடமாகும்.

நான் குறிப்பிட்ட அலுவலகத்தில் கையேட்டைத் திருத்தி எழுதியபோது, அதே மூத்த எழுத்தரை முதல் வாசகராக இருக்குமாறு வேண்டினேன். சிறிது தயங்கிய பின் அவர் இசைந்தார். முதல் நாளில் 19 இடங்களில் அவர் நின்றார். அவற்றுள் ஒன்றையேனும் நான் எதிர்பார்த்திருக்கவில்லை. எஞ்சிய கணிப்பொறிகள் அவர் ஒப்புதல் அளித்த வரைவைக் கொண்டே மாற்றப்பட்டன. அவற்றில் ஒரு கோப்பும் அழியவில்லை.

கையேடு காலத்துக்கேற்பப் புதுப்பிக்கப்படவும் வேண்டும். உபுண்டு ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், டெபியன் ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு ஒருமுறையும் புதிய பதிப்பை வெளியிடுகின்றன. பொத்தானின் இடம் மாறியபின் பழைய படத்தைக் காட்டும் கையேடு, கையேடே இல்லாத நிலையைவிடத் தீங்கானது. ஏனெனில், வாசகர் அதனை நம்புகிறார். எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது, எந்த நாளில் இறுதியாகச் சோதிக்கப்பட்டது என்னும் இரண்டு விவரங்களும் முதற்பக்கத்தில் இருத்தல் வேண்டும். அலுவலகங்கள் நீண்டகால ஆதரவு பெற்ற பதிப்புகளையே தேர்ந்தெடுத்தால் இச்சுமை குறையும்.

செய்யத்தக்கவை

இதுவரை கண்டவற்றிலிருந்து சில பரிந்துரைகளைத் தொகுத்துக் கூறலாம். கட்டற்ற மென்பொருளுக்கு மாறும் எந்தத் துறையும், உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையின் ஒரு பகுதியைக் கையேட்டுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும். கையேடு எழுதுவதை உபரிப் பணியாகக் கருதாமல், பணியேட்டில் பதியத்தக்க பங்களிப்பாக ஏற்க வேண்டும். எழுதப்பட்டவை கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டால், ஒரு மாநிலத்தில் எழுதியதை மற்றொரு மாநிலம் தன் மொழியில் பெயர்த்துக்கொள்ளும். ஒரே உழைப்பு பல இடங்களில் மீண்டும் செய்யப்படுவது தவிரும். நிரல் எழுதத் தெரியாதவர்களும் இப்பணியில் ஈடுபடலாம் என்பதை மாணவர்கள் உணர வேண்டும். அண்மையில்தான் கற்றவர் என்பதே இங்கு ஒரு தகுதி. தாம் தடுமாறிய இடங்கள் அவருக்கு இன்னும் மறந்திருக்காது.

மாணவர்க்கு ஒரு பயிற்சி: கட்டற்ற இயங்குதளம் ஒன்றில் நீங்கள் இவ்வாண்டு கற்ற ஒரு சிறு பணியைத் தேர்ந்தெடுக்கவும். அச்சுப்பொறியை இணைத்தல், தாய்மொழியில் தட்டச்சு செய்ய விசைப்பலகையை அமைத்தல் போன்ற ஒன்றாக அது இருக்கலாம். ஒரே பக்கத்தில் அதனை எழுதி, அப்பணியை அறியாத உங்கள் வீட்டார் ஒருவரிடம் கொடுக்கவும். அருகில் அமர்ந்து பார்க்கவும், பேச வேண்டாம். அவர் எத்தனை இடங்களில் நின்றார் என்று எண்ணி, அவ்விடங்களைத் திருத்தி, வேறொருவரிடம் மீண்டும் கொடுக்கவும். இரண்டாம் முறை எண்ணிக்கை குறைந்திருப்பின், நீங்கள் எழுதியது பிறருக்கும் பயன்படும். அதனை உரிய தன்னார்வத் திட்டத்துக்கு அனுப்பி வைக்கலாம்.

மூலநிரலைப் படிக்கும் உரிமை உலகில் அனைவருக்கும் வழங்கப்பட்டுள்ளது. அதைப் படிக்க வல்லவர் மிகச் சிலரே. மற்றவர்களுக்கு அந்த உரிமை, தெளிவாக எழுதப்பட்ட ஒரு பக்கத்தின் வழியாகவே சென்று சேர்கிறது. அப்பக்கத்தை எழுதுவதும் திருத்துவதும் வளர்ச்சிப் பணியின் ஒரு பகுதியே என்பதை அலுவலர்களும் மாணவர்களும் ஏற்றுச் செயற்படுவார்களாக.